ஒன்பதாம் நம்பர் பீஸ்

ஒன்பதாம் நம்பர் பீஸைக் கையில் எடுத்ததுமே ஃபோர்மேன் ஆதிகேசவனுக்குத் தெரிந்துவிட்டது, அது தன் மகன் அன்புராஜின் வேலை என்று.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்தக் கம்பெனிக்கு 2006-ஆம் வருஷத்துக்கு ஒரே ஒரு அப்ரண்டிஸ்தான் வேண்டும். வந்திருந்ததோ இருபது ஐ.டி.ஐ. பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு இரும்புத் துண்டு கொடுத்து, ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்காரும்படி அரத்தால் ராவச் சொன்னார்கள். பீஸில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான்.

"என் மவன் வந்துக்கிறான் மேடம். வேற யாரையாவது மார்க் போடச் சொல்லுங்க," என்று காலையிலேயே ஹெச்.ஆர். சந்திரகலாவிடம் கேட்டுப் பார்த்தார்.

"நம்பர்தானே சார் இருக்கு? யாருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியுமா! ஒன்பதின் விளிம்புகளில் விரலை ஓட்டினார், துளி பிசிறு இல்லை. டிராயிங்கில் அப்படிக் கேட்கவே இல்லை. அடுத்து எடுக்கிறவன் கையைக் கிழிக்கக் கூடாது என்பது ஆதிகேசவனின் பிடிவாதம். மீஞ்சூர் வீட்டு வாசலில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் மாட்டி, "பிசிறை எட்றா சோம்பேறி!" என்று ஒவ்வொரு ஞாயிறும் தெருவே அதிர மகனோடு மல்லுக்கட்டுவார்.

கடைசியில் இரண்டு பீஸ்தான் மிஞ்சின, ஒன்பதும் பதினாலும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டிலும் மயிரிழை இடைவெளி இல்லை. பதினாலின் விளிம்பு மட்டும் அவர் விரலைக் கீறிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் ஒன்பதுதான். ஆனால் நாஷ்டா நேரத்திலேயே கேன்டீனில், "இந்த எடம் ஃபோர்மேன் மவனுக்குத்தான்டா" என்று அவர் காதுபடப் பேசியிருந்தார்கள். இருபத்தாறு வருஷம் கட்டிக்காத்த பேர் ஒரே நாளில் நாறிவிடும். பேனாவை எடுத்தார், வைத்தார், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பெற்ற மனம் பதறப் பதற, பதினாலுக்கு டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

சந்திரகலா பெயர் லிஸ்ட்டைப் பிரித்தாள்.

"பதினாலு... அன்புராஜ். சார், உங்க பையன்தான்!"

ஆதிகேசவன் ஒன்பதைத் திரும்பக் கையில் எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

ரிசல்ட் சொல்லி முடித்த பிறகு, ஒன்பதாம் நம்பர் பீஸைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்து நின்றாள் இர்பானா. அடுத்த வீட்டு அப்துல் வஹாபின் மகள், அன்புராஜோடு ஃபிட்டர் படித்தவள். அழுது முடித்த கண்கள்.

"பிசிறு எடுக்கணும்னு உனக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார் ஆதிகேசவன்.

"நீங்க அன்புவைத் திட்டுறது எங்க ஊடு வரைக்கும் கேக்குமே சார்."