பதினோரு ஒளியாண்டு

வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய அந்த நாவல் தொடரின் ஐந்து பாகங்களையும் மாற்றி மாற்றி எடுத்துப்போகும் பெரியவர், அன்றும் நூலகத்துக்கு வந்தார்.

“மறுபடியும் இதேதானா சார்?” என்றாள் நூலகப் பெண்.

“ஒரு வருஷம் யாரும் எடுக்கலைன்னா கழிச்சுக் கட்டிடுவீங்களேம்மா.”

“உங்களத் தவிர யாரும் சீண்டறதில்லதான். பாவமா இருந்துச்சு. முதல் பாகத்தை நானே படிச்சேன்.”

பெரியவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “எப்படி இருந்துச்சு?”

“கணக்கு உதைக்குது சார். கிரகம் பதினோரு ஒளியாண்டு தூரம்ங்கறாங்க. நாம அனுப்பின சேதிக்கு பன்னெண்டாவது வருஷமே பதில் வந்துடுது. போகப் பதினொண்ணு, வரப் பதினொண்ணு ஆக வேணாமா?”

பெரியவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அடுத்த பதிப்புல திருத்திடறேம்மா,” என்றார். “எழுதி முப்பது வருஷமாச்சு. இப்பத்தான் முதல் பதில் வந்திருக்கு.”