தனியாகத் தெரிந்த படம்

"நாற்பது படத்திலே இது ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கு. பார்த்த உடனே கண்ணுல படுது. யாரோடது சிஸ்டர்?"

"வால்டர்னு போட்டிருக்கு, மேடம்."

டாக்டர் பவ்யாவும் நர்ஸும் பேசியது வெளியே பெஞ்சு வரை கேட்டது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பில் நடந்த மருத்துவ முகாமில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட நாற்பது பேரும் தங்கச் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்.

பெஞ்சில் இருந்த வால்டர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னசாமி பக்கம் திரும்பினார். வீட்டில் மனைவி படுத்த படுக்கை.

"சின்னசாமி, நான் போயிட்டா எஸ்தரை யாருடா தூக்கி உட்கார வைப்பாங்க?"

"இன்னாடா பேசறே? நாங்க இத்தினி பேர் இருக்கோம். தங்கச்சியை அப்படியே வுட்டுடுவோமா?" என்று இருமலுக்கு நடுவே அதட்டினார் சின்னசாமி.

இன்னொரு நண்பர் மரியகுழந்தை, முகாமில் கொடுத்த தன் பன்னை வால்டர் கையில் திணித்தார். "மொதல்ல இதைத் தின்னு. வெறும் வயித்தோட செத்தா பாதர் பூசை வைக்க மாட்டாரு."

நர்ஸ் கூப்பிட்டதும் வால்டர் சிரிக்க முயன்றபடியே உள்ளே போனார்.

"ஐயா, நீங்க சுரங்கத்துக்குள்ளே வேலை செஞ்சதே இல்லையா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லம்மா. மேலே இன்ஜின் ரூம்ல கேஜ், அதான் சுரங்க லிஃப்ட், ஓட்டினேன். வெளியே இருக்காங்களே, அவங்களை எல்லாம் தினமும் கீழே இறக்கினவன் நான்தான்."

டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"அதான் உங்க நுரையீரல் மட்டும் சுத்தமா இருக்கு. மத்த முப்பத்தொன்பதிலேயும் கல்தூசு படிஞ்சிருக்கு. அதைக் குணமாக்க மருந்து இல்லை, ஐயா."

வால்டர் கதவைத் திறந்தார். முப்பத்தொன்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு, அவர் உயிருக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள்.