யாருக்க மவ?

"யாருக்க மவ மக்கா நீ?" என்று பூங்கனி கேட்டதும் அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

கேட்டதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. குமரி மாவட்டத்தில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது யாருடைய பிள்ளை என்கிற இந்தக் கேள்விதான். பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். அப்பன் யார், எந்த ஊர், எந்தச் சபை என்று நூல் பிடித்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி.

பையன்கள் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுவார்கள். பெண்பிள்ளைகளால் அப்படிச் சொல்லிவிட முடியாது. அப்பன் பெயரோடு வீட்டு மானத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதனால்தான் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், மாத்திரை கொடுக்கும் ஜன்னலைத் தாண்டி இருக்கும் அந்தச் சின்ன அறையில் மட்டும் இந்தக் கேள்விக்குத் தடை. சனிக்கிழமைதோறும் மூத்த நர்ஸ் ஞானபாய் அங்கே உட்கார்ந்திருப்பாள். வயதுக்கு வந்த பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள், கல்யாணம் ஆனவர்கள், ஆகாதவர்கள், யாரும் வரலாம். உடம்பைப் பற்றி எதையும் கேட்கலாம்.

பதிலுக்கு யாரும் அவர்களிடம் யாருக்க மவ என்று கேட்கக் கூடாது. இது ஞானபாய் போட்ட சட்டம். இதை மீறிய ஒரு நர்ஸிடம் அவள் மாதக் கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞானபாய்க்குக் கிறுக்கு என்று ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் சொல்வார்கள். விஷயம் தெரிந்த மீதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள்.

பூங்கனி அன்றைக்குத்தான் லீவில் போன ஒருத்திக்குப் பதிலாக வாசலில் உட்கார வந்திருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"சும்மா வந்தேன்" என்றாள் அந்தப் பெண். துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்த ஞானபாயின் காதில் அந்த 'சும்மா' விழுந்தது.

போனை மேசையில் போட்டாள். செருப்பைத் தேடவில்லை. பிரசவ வார்டு வராந்தா வழியாக, துணி காயப்போட்டிருந்த கம்பிவேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, மூட்டுவலி வேறு. பார்த்தவர்கள் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

கேட்டுக்கு வெளியே டவுன் பஸ் வந்து நின்றது. அந்தப் பெண் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

பஸ் போய் நிற்கிற இடம் ஞானபாய்க்குத் தெரியும். டவுனில் சந்துக்குள் ஒரு கடை இருக்கிறது. கருவைக் கலைக்கிற மாத்திரையை டாக்டர் சீட்டில்லாமல் கொடுப்பார்கள். யாருக்க மவ என்று அங்கே கேட்க மாட்டார்கள். எத்தனை மாதம் என்றும் கேட்க மாட்டார்கள்.

அந்த மாத்திரையைத் தின்று, ஹாஸ்டல் குளியலறையில் இரத்தம் போய்ச் செத்த ஒரு பெண்ணை ஞானபாய்க்குத் தெரியும். அடக்கத்துக்கும் போயிருந்தாள்.

கையைப் பிடித்து இழுக்கவில்லை. பஸ்ஸுக்குக் கீழே நின்று, மூச்சு வாங்க, மெதுவாகச் சொன்னாள்.

"நீ யாருக்க மவளாவும் இருக்காண்டாம் மக்கா. வந்து இரி, போதும்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பெண் ஞானபாயின் வெறும் காலைப் பார்த்தாள். கட்டைவிரல் எதிலோ இடித்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

பஸ் போய்விட்டது. அவள் போகவில்லை.

மத்தியானம் டாக்டரைப் பார்த்துவிட்டு, மறுபடி எப்போது வர வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டு அந்தப் பெண் கிளம்பினாள். போகும்போது துப்பட்டா தோளில் கிடந்தது. எந்த வீட்டுப் பிள்ளை என்று ஞானபாய்க்கு இப்போதும் தெரியாது.

பூங்கனிக்கு அழுகை வந்துவிட்டது. "பாசத்துலதான் கேட்டேன் அக்கா" என்றாள்.

ஞானபாய் அவளைத் திட்டவில்லை. பாசத்தில்தான் கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? பாதம் கழுவிக்கொண்டு வந்து, அந்தப் பெண் எழுந்துபோன நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

போன வருஷம், மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை, இதே நாற்காலியில் கல்லூரியில் படிக்கிற இன்னொரு பெண் வந்து உட்கார்ந்தாள். அப்போது இந்தச் சட்டம் இல்லை. அவளிடமும் கேட்டார்கள். அவள் பதில் சொன்னாள்.

கேட்டவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்ம ஞானபாய்க்க மவ ஜெப்சியா என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் அம்மா முன்னால் நிறுத்தினார்கள்.

சும்மா வந்தேன் என்றாள் ஜெப்சி.

ஞானபாய் நம்பினாள். வெளியே பிள்ளைகள் காத்திருந்தார்கள். இது கஷ்டத்தோடு வருகிற பிள்ளைகள் உட்கார்கிற இடம், நீ ஹாஸ்டலுக்குப் போ மக்கா என்று செல்லமாகக் கடிந்துகொண்டாள். டீக்கடையில் சூடாகப் பழம்பொரி வாங்கிக் கையில் கொடுத்தாள். குடை பிடித்துக் கேட் வரைக்கும் கூட நடந்து, அதே டவுன் பஸ்ஸில் மகளைத் தானே ஏற்றிவிட்டாள்.

உயிரோடு அவளைப் பார்த்தது அதுதான் கடைசி. அவ்வளவு கூட்டத்திலும் பிள்ளைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று ஞானபாய்க்கு அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.