இருமல் வரும் இடம்

"இன்னைக்கு நல்லாக் கவனிச்சுட்டேன் அக்கா. அத்தான் அந்த ஒரே இடத்துலதான் இருமறாரு."

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தங்கை இதைச் சொன்னாள். அக்காவான டீச்சர் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, "தொண்டை கமறியிருக்கும். விடேன்," என்றாள்.

"ஆர்கன் இசைத்தட்டு ஒரு மணி நேரம் ஓடிச்சே, அப்பக் கமறலையே? ஹார்ப்சிகார்டு ஓடறப்ப நான் டம்ளரைக் கீழ வெச்சதுக்கே முறைச்சாரு. அப்பேர்ப்பட்ட மனுஷன் நீ பாடின தட்டுல மட்டும் எதுக்கு இருமணும்?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. அவளும் இதைக் கவனிக்காமலா இருந்தாள்? கவனித்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் அந்த வீட்டில் பரோக் இசைதான். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் புருஷனுக்கு, முந்நூறு வருஷத்துப் பழைய அந்த ஐரோப்பியச் சங்கீதம் என்றால் உயிர். முதலில் ஆர்கன், அப்புறம் பியானோவுக்கு முந்தைய ஹார்ப்சிகார்டு. வீட்டுக்கு யாராவது வந்திருந்தால் கடைசியாக டீச்சரின் தட்டு. கல்யாணமான புதிதில் ஒரு பெரிய மண்டபத்தில் நாற்பது பேர் சேர்ந்து பாடியதை அப்படியே பதிவு செய்த தட்டு அது. முன்வரிசையில், மைக்குக்கு நேராக நின்றவள் டீச்சர்.

"நான் கண்ணைத் திறக்கவே இல்ல, அப்படி ஒரு லயிப்பு," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். "பாட்டு நின்னப்புறமும் குரல் அந்த மண்டபத்துல சுத்திக்கிட்டே இருந்துச்சு. பாட்டு மாஸ்டர் எங்கிட்ட வந்து, பேச்சு வராம, நெத்தியைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டார்."

தட்டின் நடுவில் ஓரிடத்தில் நாற்பது குரலும் உச்சிக்குப் போய் ஒரேயடியாக நிற்கும். ஒரு மூச்சு நேரம் நிசப்தம். பிறகு ஒரு பெண் மட்டும் தனியாகப் பாட ஆரம்பிப்பாள். இருமல் வருவது சரியாக அந்த நிசப்தத்தில்தான்.

"தனியாப் பாடறது யாருக்கா?"

"வக்கீல் வீட்டுப் பொண்ணு."

"அத்தானுக்கு முதல்ல பேசி, நின்னுபோச்சே, அந்த சம்பந்தமா?"

டீச்சர் கையிலிருந்த டம்ளரை மூன்றாவது தடவையாகக் கழுவினாள்.

"அவ குரல் வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் மனுஷனுக்குத் தொண்டை அடைக்குது. வேற என்ன?"

"டாக்டர்கூட நெஞ்சுல ஒண்ணுமே இல்லைன்னாரு," என்றாள் டீச்சர் மெதுவாக. "மத்த தட்டெல்லாம் நான்தான் துடைச்சு வைக்கறேன். அதை மட்டும் தொட விடமாட்டார். அலமாரி உச்சியில வெச்சிருக்கார். 'ஊசி பட்டுக் கீறிடும், நானே போடறேன்'பார்."

டம்ளரை டங்கென்று கவிழ்த்து வைத்தாள். இருபத்தாறு வருஷமாக, அவள் பாடிய பாட்டிலேயே, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, இன்னொருத்தியை நினைத்து உருகுவதா?

"இன்னைக்கு இருமல் இல்லாம அந்த இடத்தைக் கேட்டுடறேன்," என்றாள். "அவ குரல்ல அப்படி என்ன இருக்குன்னு பாக்கறேன். நீ சொல்றது சரின்னா, துணிமணியை எடுத்துக்கிட்டு உன்கூடவே கிளம்பிடறேன்."

தங்கை தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதன் ஒரு காலைப் பிடித்து ஒரே முறுக்காக முறுக்கினாள். திருகாணி தெறித்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது.

"அத்தான், இதைப் பாருங்களேன்."

கூடத்தில் தட்டுகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தவர் வாங்கிப் பார்த்தார். "போன மாசம்தானேம்மா போட்டுக் கொடுத்தேன்?"

"மேல உக்காந்துட்டேன் அத்தான்."

"உன் கண்ணாடியை நீயே பாக்காம உக்காந்தியா? சரி, கடையைத் திறந்து மாட்டிட்டு வந்துடறேன், கால் மணி நேரம்." செருப்பை மாட்டியவர் திரும்பினார். "அந்தத் தட்டை மட்டும் தொட்டுடாதீங்க."

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் தெருவில் இறங்கியதும் டீச்சர் நாற்காலி போட்டு ஏறித் தட்டை எடுத்தாள். அவசரத்தில் ஊசி வேறெங்கோ விழுந்து, தேடிப் பிடிக்கவே பாதி நேரம் போய்விட்டது. கடைசியில் ஆர்கன் முழங்கியது. அதன்மேல் குரல்கள் படிப்படியாக ஏறின. தங்கை ஒலியைக் கூட்டிவிட்டாள்.

"இதோ வருது. அவ எப்படி ஆரம்பிக்கறான்னு கேளு."

நாற்பது குரலும் உச்சிக்குப் போய், கத்தரித்தாற்போல் நின்றன. இல்லை, முப்பத்தொன்பதுதான் நின்றன. ஒரே ஒரு குரல் மட்டும், நிசப்தத்தைப் பற்றிக் கவலையே படாமல், தன்பாட்டுக்கு நீட்டி முழக்கிக்கொண்டு போனது.

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "யாருக்கா இந்தப் புண்ணியவதி? மாஸ்டர் கை காட்டினதைப் பாக்கலையா? கண்ணை மூடிக்கிட்டா பாடி..."

சட்டென்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் ஊசியைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் வைத்தாள். மறுபடியும் எல்லாரும் நின்றார்கள். மறுபடியும் அந்த ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. தினமும் கூடத்தைப் பார்த்து 'சாப்பாடு ஆறுதுங்க' என்று கூப்பிடுகிற குரல் அது.

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், கையில் தங்கையின் கண்ணாடியோடு, அவர் அவசர அவசரமாக இருமினார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த இருமல் ஒரு விநாடி பிந்திவிட்டது.