எட்டு முழங்கால்

பெருமாளைச் சுமந்துகொண்டு கல்மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் சாரங்கபாணிக்கு அந்த எளிய கணக்கு உறைத்தது.

அவன் ஒருவன் மட்டும் ஒழுங்காக இறங்கினால், பல்லக்கு சாயாமல் என்ன செய்யும்?

மாசி மகம். மாமல்லபுரம் கடற்கரையில் காலை வெயிலில் ஊரே கூடியிருந்தது. பல்லக்கின் முன்பக்கம் சாரங்கபாணியும் கோதண்டராமனும், பின்பக்கம் பாஷ்யமும் வாசுதேவனும். தண்டைத் தோளிலிருந்து எடுக்காமல், முழங்காலை மட்டும் மடக்கி, பல்லக்கின் நாலு காலையும் ஒரே நேரத்தில் மேடையில் உட்கார வைக்க வேண்டும்.

போன வருஷம் சாரங்கபாணியின் முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. பெருமாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மாலை நழுவி மணலில் விழுந்தது. இன்னொரு தரம் இப்படி ஆனால் தண்டைத் தொடக்கூடாது, தீவட்டி பிடிக்கத்தான் போக வேண்டும் என்று தர்மகர்த்தா பட்டாபிராமன் ஊர் நடுவே சொல்லிவிட்டார். நாலு தலைமுறையாகத் தோள் கொடுத்த குடும்பம். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் தை பிறந்ததும் பயணியர் பங்களாவில் புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சு துரைசானி வந்து தங்கினாள். சிற்பங்களைப் படம் வரைய வந்தவள். விடிந்ததும் தாழ்வாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதம் இரண்டையும் ஆளுக்கொரு திசையில் திருப்பி வைத்து, முதுகு அசையாமல் கீழே இறங்குவாள், மேலே எழுவாள். தலையில் தண்ணீர்ச் செம்பை வைத்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. பாலே என்று பெயராம்.

பார்த்த மாத்திரத்தில் பெருமாளே அனுப்பி வைத்தவள் என்று சாரங்கபாணிக்குத் தோன்றிவிட்டது.

மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு அவனும் இறங்கினான். நாலாம் நாள் அவள் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை. வெளியே வந்து, ஒரு சவுக்குக் குச்சியால் அவன் குதிகாலைத் தட்டித் தட்டி ஒன்றோடொன்று ஒட்ட வைத்தாள். அது முதல் நிலை. பிறகு ஒரு பாத அளவு தள்ளி வைத்தாள். அது இரண்டாவது. மொத்தம் ஐந்து. ஐந்தாவதில் இரண்டு காலும் பின்னிக்கொள்ள, வேலிக் கள்ளியில் போய் விழுந்தான். பெருமாளுக்கு இரண்டாவதே போதும் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டான்.

வெளியே சொல்ல முடியுமா? துரைசானியிடம் ஆட்டம் கற்றுக்கொண்டு பெருமாளைச் சுமக்க வருகிறான் என்று தெரிந்தால் பட்டாபிராமன் தீவட்டியைக்கூடத் தர மாட்டார். மனைவியிடமே அவன் மூச்சு விடவில்லை. கொல்லையில் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கியவனை ரமா என்னவென்று விசாரித்தபோது, முழங்கால் வாதம் என்றான்.

"வாதத்துக்கு இப்படிக்கூட வைத்தியம் உண்டா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்புறம் தினமும் விளக்கெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. இவளை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முப்பது நாள் பழகிய புத்திசாலிக்கு ஒரு சின்ன விஷயம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. பல்லக்குக்கு மூலை நாலு. மற்ற மூன்று பேரும் பழையபடி முதுகை வளைத்துச் சட்டென்று குனிவார்கள். இவன் மட்டும் எண்ணி எண்ணி இறங்கினால் இவன் மூலை மேலே நிற்கும். பெருமாள் நேராகக் கோதண்டராமன் மேல் போய்ச் சாய்வார்.

நாதஸ்வரம் நின்றது. பட்டாபிராமன் கையைத் தூக்கினார்.

சாரங்கபாணி பாதத்தைத் திருப்பி வைத்தான். தீவட்டி எண்ணெயின் வாடை இப்போதே மூக்கில் ஏறுவது போலிருந்தது. ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தான்.

கோதண்டராமனின் பாதங்களும் ஆளுக்கொரு திசையில் திரும்பியிருந்தன.

பின்னாலிருந்து பாஷ்யத்தின் குரல் அடங்கி வந்தது. "முழிக்காதே, எண்ணிண்டே இறங்கு. உங்காத்துக்காரி எங்க மூணு ஆத்துலயும் வந்து சொல்லிக்கொடுத்துட்டா. பதினஞ்சு நாளா என் ஆம்படையா என்னைக் கொல்லையில நிக்கவெச்சுப் பிராணனை வாங்கிட்டா."

நாலு தோளும் ஒன்றாக இறங்கத் தொடங்கின.

அவனுக்கு இன்றைக்கு உறைத்த கணக்கு ரமாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டோமே என்று கர்வமாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தான்.

எதிரே பெண்கள் வரிசையின் முன்னால் ரமாவும் மற்ற மூன்று பேரின் மனைவிமாரும் கைகூப்பி நின்றார்கள். பல்லக்கு இறங்க இறங்க அந்த நாலு தலையும் அதே அளவில் கீழே இறங்கின. நாலு பேரின் உதடும் எண்ணிக்கொண்டிருந்தது. மடிசாருக்குள் முழங்கால்கள் எந்தத் திசையில் மடங்கின என்பது அவர்களுக்கும் பெருமாளுக்கும்தான் வெளிச்சம்.

பின்னால் நின்ற பெண்கள் பார்த்தார்கள். இந்த வருஷத்து முறை இதுதான் போலிருக்கிறது என்று தாங்களும் இறங்கினார்கள். அதற்கடுத்த வரிசையும் இறங்கியது.

பல்லக்கின் நாலு காலும் சத்தமில்லாமல் மேடையில் உட்கார்ந்தன.

பட்டாபிராமன் பெருமாளைப் பார்த்தார், தண்டுக்குக் கீழே திரும்பி நின்ற எட்டுப் பாதங்களைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ஊரின் பக்தியைக் கண்டு அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, பாதம் இரண்டையும் திருப்பி வைத்து, அவரும் மெதுவாக முழங்காலை மடக்கினார்.