பெயரோடு ஒட்டிய செல்லம்

ஆர்ஹூஸ் மருத்துவமனை ஜன்னலில் மார்ச் மாத வெயில் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. கட்டிலில் ப்ரோனிஸ்லாவா கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். பக்கவாதம் வந்ததிலிருந்து பிறந்த வீட்டுப் போலிஷ் தவிர வேறு பேச்சு அவளுக்கு வரவில்லை. கணவர் தோர்பென் டென்மார்க்காரர். அவருக்குப் போலிஷ் தெரியாது. இருவரும் காதலித்ததும் சண்டை போட்டதும் பிள்ளை வளர்த்ததும், எல்லா நாட்டாருக்கும் பொதுவாக ஒருவர் உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில்தான். தங்களுக்குள் பேசும்போது யாராவது தாய்மொழிக்கோ வேறு மொழிக்கோ தாவினால் "முதலை" என்று கேலி செய்வது எஸ்பெராண்டோக்காரர்களின் பழைய வழக்கம். அவளிடம் ஒருநாளும் அந்தப் பட்டத்தை வாங்கியதில்லை என்பதில் தோர்பெனுக்கு உள்ளூரப் பெருமை. "ப்ரோன்யோ," என்று குனிந்து கூப்பிடுகிறார். பெண்களைச் செல்லமாக அழைக்க அந்த மொழி பெயரோடு ஒட்டித் தரும் 'ன்யோ' அது. அவள் திரும்பவில்லை. ஆப்பிள் கூழ்க் கரண்டியை அவள் வாயருகே நீட்டுகிறார்.

போலந்தின் ப்யாலிஸ்டாக்கிலிருந்து வந்திருக்கும் தங்கை யாத்விகா போர்வை ஓரத்தை நீவியபடி ஆங்கிலத்தில் சொல்கிறாள்: "ப்ரோன்யான்னு கூப்பிட்டுப் பாருங்க அத்தான். எங்கம்மா அப்படித்தான் கூப்பிடுவாங்க. உங்க 'ன்யோ' எங்கேருந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க? அந்த மொழியை உண்டாக்கினவரும் எங்க ஊர்ப் பிள்ளைதானே. தெருவுல அம்மாமார் கூப்பிடுறதுதான் அவர் காதுல விழுந்திருக்கும்."

தோர்பென் கரண்டியை வைக்கிறார். கூச்சத்தோடு, "ப்ரோன்யா," என்கிறார். தலையணையில் அவள் முகம் மெல்லத் திரும்புகிறது. அவரையே வெகுநேரம் பார்க்கிறாள். இடது உதட்டோரம் மட்டும் அசைகிறது.

"முதலை," என்கிறாள், எஸ்பெராண்டோவில்.