முப்பத்தொன்பது டிகிரி

நான்காம் முறையாக ஆட்சிப்பணித் தேர்வு எழுதவிருந்த தவசி, நடப்பு நிகழ்வுச் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தான். 'வெப்ப அலை' என்று எழுதும்போது அம்மா வந்து நின்றாள்.

"காலையிலயே வெயில் மண்டையப் பொளக்குதுடா. இன்னிக்கு நூறுநாள் வேலைக்குப் போகட்டுமா, வேணாமா?"

தவசி செல்போனைப் பார்த்தான். "சமவெளியில நாப்பது டிகிரியத் தொட்டாத்தாம்மா வெப்ப அலை. இன்னிக்கு முப்பத்தொம்பதுதான் போட்டிருக்கு. தாராளமாப் போ."

கண்மாய்க்குள் மண் சுமக்கையில் சுருண்டு விழுந்தவளை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். சேதி கேட்டுத் தவசியும் ஓடி வந்தான். கூட வந்த மாரியக்கா பொருமினாள். "கலெக்டரப் பெத்தவ ஒருநா வீட்ல கெடந்தா என்னவாம்?"

அம்மா கண் திறக்காமலே முனகினாள். "எம்புள்ள படிச்சுப் பாத்துத்தான் சொன்னான். எனக்குத்தான் தெம்பில்ல."

தவசி அவள் பாதத்தைப் பிடித்தான். இன்னும் கொதித்தது.